ரோபோ பெட்டியில் ஒரு காலிக் குழி

பெட்டி வந்த அன்று ஸ்கூல் லேப் ரூமில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

ஹெச்.எம். மேடம். அவர் ரிட்டையர்டு ஆக இன்னும் சில மாதம்தான் பாக்கி. பட்டுப்புடவையில் வந்திருந்தார். சயின்ஸ் டீச்சர். பெற்றோர் சங்கத் தலைவர், ரைஸ்மில்காரர். வார்டு கவுன்சிலர். பெட்டியை இலவசமாகக் கொடுத்த கம்பெனியிலிருந்து இரண்டு பேர், இருவருக்கும் ஒரே நீலச் சட்டை. பிள்ளைகளுக்கு ரோபோ செய்யச் சொல்லித்தர அந்தக் கம்பெனி அனுப்பிய தம்பி. போட்டோக்காரர். வரிசையில் பதினோராவது படிக்கிற பெண் பிள்ளைகள், அதில் என் மகள். கடைசியில் நான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பெட்டியை என் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி வந்தேன். அதனால் இருந்தேன்.

பெரிய சூட்கேஸ் அளவில் கறுப்புப் பெட்டி. மூடிக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார்கள். ரிப்பன் சுற்றி வெட்டினார்கள். டீச்சர் என் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து, "புது வண்டிக்கு வெக்கிற மாதிரி வெய்யுங்கண்ணே" என்றார். பெட்டிக்குச் சக்கரம் இல்லை. ஒரு மூலையில் வைத்தேன். எல்லாரும் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். பெட்டி வந்து சேர்ந்தது என்று மேடம் கையெழுத்துப் போட்டார். கேசரி கொடுத்தார்கள். பெட்டியை லேப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

அன்று அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

எனக்குப் படிப்பு ஏழாவதோடு சரி. வண்டிதான் பிழைப்பு. சவுக்குக் கட்டை ஏற்றுவேன், செங்கல் ஏற்றுவேன், சீசனில் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுவேன். வீடு ஓமந்தூர் போகிற வழியில். மனைவி கூலிக்குப் போகிறாள். எங்களுக்கு நிலம் கிடையாது. ஒரே மகள். காலையில் எங்கள் தெரு முனையில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். பன்னிரண்டாவது முடித்த பெண்கள் ஏறுவார்கள். முடிக்காதவர்களும் ஏறுவார்கள். அந்த பஸ்ஸுக்கு ஆள் அனுப்பாத வீடு எங்கள் தெருவில் குறைவு.

பெட்டி வந்த மறுவாரம் பெற்றோர்களைக் கூப்பிட்டார்கள். தம்பி சுவரில் படம் காட்டினான். ஒரு இரும்புக் கை காருக்குப் பெயிண்ட் அடித்தது. இன்னொரு கை பெட்டி அடுக்கியது.

"இதை ஓட்ட ஆளு வேணும். இதுக்கு புரோகிராம் எழுத ஆளு வேணும். நின்னா ரிப்பேர் பண்ண ஆளு வேணும். புதுசா டிசைன் பண்ணவும் ஆளு வேணும். இனிமே வேலைன்னா இதாங்க" என்றான்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா கேட்டார். "அது ஒண்ணு வந்தா பத்து பேருக்கு வேலை போவுமாமே, தம்பி?"

"போவும்ணா. அந்தப் பத்து பேர்ல ஒண்ணா உங்க பொண்ணு இருக்க வேணாம். அதை ஓட்டுற ஆளா இருக்கட்டும்."

"மீதி ஒம்பது பேரு?"

தம்பி சிரித்தான். அடுத்த படம் போட்டான்.

கடைசியில் ஒன்று சொன்னான். அடுத்த வருஷம் விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. அங்கே தாங்களே செய்த மெஷினை ஓட்டிக் காட்டி ஜெயிக்கிற டீமை அந்தக் கம்பெனியே டிப்ளமோ படிக்க வைக்கும். மூன்று வருஷம், ரோபோ படிப்பு, ஹாஸ்டலும் சேர்த்து.

வண்டியில் வரும்போது மகள் சொன்னாள். "ப்பா, நான் அதான் படிக்கப் போறேன்."

"ஜெயிச்சா படி."

"ஜெயிக்கலன்னா?"

நான் கியர் மாற்றினேன். பதில் அவளுக்கும் தெரியும். தினமும் காலையில் தெரு முனையில் நிற்கிறதே.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் கிளாஸ். லோடு இல்லாத புதன்களில் நான் போய் அவளை ஏற்றி வருவேன். சீக்கிரம் போய்விட்டால் ஜன்னல் ஓரம் நின்று பார்ப்பேன். பெட்டிக்குள் கறுப்பு ஸ்பாஞ்சு. அதில் ஒவ்வொரு சாமானுக்கும் அளவாக ஒரு குழி. மோட்டாருக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, ஆணிக்குக்கூட ஒன்று.

தம்பி பிள்ளைகளிடம் சொன்னது இது. "உங்க ஊர்ல இருக்கிற கஷ்டமான வேலை ஒண்ணை எடுங்க. மனுஷன் அதை எப்படிச் செய்யறான்னு நல்லா பாருங்க. அப்புறம் மெஷினு எப்படிச் செய்யும்னு பேப்பர்ல வரைங்க. அதுவரைக்கும் பெட்டியில கைய வெக்காதீங்க."

ஒரு பிள்ளை தண்ணிக் குடம் தூக்குவதைச் சொன்னது. ஒன்று கக்கூஸ் டேங்க் கழுவுவதைச் சொன்னது. மற்றதுகள் சிரித்தன. தம்பி சிரிக்கவில்லை. "அதுதான் முதல்ல செய்ய வேண்டியது. நம்ம மோட்டாரு தாங்காதேம்மா" என்றான்.

என் மகள் மல்லாட்டை காயவைப்பதைச் சொன்னாள். தார்ப்பாயில் பரப்பிய மல்லாட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என் மனைவி மதியம் முழுக்க வெயிலில் அதற்குள் நடப்பாள். காலாலேயே தள்ளித் தள்ளிப் போவாள். பாதம் வெடித்துக் கிடக்கும்.

நாலு பிள்ளைகள் சேர்ந்து வரைந்தார்கள். நாலு சக்கரத்தில் ஒரு சின்ன வண்டி. பின்னால் கிளறுவதற்கு ஒரு பழைய சீப்பு. முன்னால் தரையைப் பார்க்கிற சென்சார், அதைக் கண் என்றார்கள். நீலத் தார்ப்பாய் முடிகிற இடத்தில் அந்தக் கண் பார்த்து வண்டியைத் திருப்பும்.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள். "மல்லாட்டை கிளர்றதுக்கு மெஷினா? அப்ப எனக்கு இன்னா வேலை?"

"நீ நெழல்ல உக்காந்து பாரும்மா."

"பாத்துக்கினு குந்தியிருந்தா கூலி உங்க சாரா குடுப்பாரு?"

அந்த ராத்திரி சாப்பிடும்போது மனைவியே, "வேகமா ஓட வுடாத. ஓடு ஒடஞ்சா மல்லாட்டை விலை போவாது" என்றாள். மகள் எழுந்து போய் எழுதி வைத்துக்கொண்டாள்.

ரூமுக்குள் ஓடிய வண்டி வெளியே வெயிலில் ஓடவில்லை. தார்ப்பாய் முடிந்தும் நிற்காமல் போய் வேப்பமரத்தில் முட்டியது.

"வெயில்ல அதுக்குக் கண்ணு கூசுது. இப்ப இன்னா பண்ணலாம்?" என்று தம்பி கேட்டான்.

என் மகள் அட்டையை வெட்டிக் கண்ணுக்கு மேல் தொப்பி மாதிரி ஒட்டினாள். வண்டி தார்ப்பாய் ஓரம் வரை போனது. நின்றது. திரும்பியது. பிள்ளைகள் கத்தினார்கள். "இதாம்மா டிசைனு" என்றான் தம்பி. என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

ஓட்டிப் பார்க்க வீட்டிலிருந்து மல்லாட்டை எடுத்துப்போவாள். திரும்பி வரும்போது பையில் தொலிதான் இருக்கும். "உங்க மெஷினு கிளறுதா, திங்குதா?" என்பாள் மனைவி.

கிளாஸ் முடிந்ததும் வண்டியைக் கழற்றி எல்லாவற்றையும் குழியில் வைத்துவிட வேண்டும். ஸ்கூல் சாமான் பெட்டிக்குள் இருந்தால்தான் பத்திரம் என்பது அங்கே வழக்கம். அடுத்த புதன் முதலிலிருந்து மாட்டுவார்கள். அதிலேயே பாதி நேரம் போய்விடும். "கண்ண மூடிக்கினே மாட்டுவேன்ப்பா" என்பாள் மகள்.

ஒரு ஓரத்துக் குழி மட்டும் எப்போதும் காலி. முதல் நாள் திறந்தபோதே காலி. சும்மா விட்ட குழி என்று பிள்ளைகள் நினைத்தார்கள். இறுகின ஆணியைக் கிளப்ப ஹேர்பின் வைத்திருந்தார்கள். அதை அந்தக் குழியில் போட்டு வைத்தார்கள்.

ஏப்ரலோடு தம்பியின் வேலை முடிந்தது. பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான். "விழுப்புரத்துல பாக்கலாம்" என்று சொல்லிப் போனான். மே மாதம் ஹெச்.எம். மேடம் ரிட்டையர்டு ஆனார். ஜூனில் புது ஹெச்.எம். வந்தார், வேறு மாவட்டத்திலிருந்து. சார்ஜ் எடுப்பதற்கு முன் ஸ்கூலில் இருக்கிற பெஞ்சு முதல் பெருக்குமாறு வரை எண்ணினார். பெட்டியையும் எண்ணினார்.

அன்று டீமில் இருந்த நாலு பிள்ளைகளையும் அவர்கள் வீட்டு ஆட்களையும் வரச் சொன்னார்கள். நான் போனேன்.

"லிஸ்டுல இருநூத்திப் பன்னெண்டு சாமான் இருக்கணும். ஒண்ணு குறையுது" என்றார் புது மேடம். "இந்தக் குழியில என்ன இது?"

"ஹேர்பின், மேடம்" என்றாள் என் மகள்.

"ரோபோவுக்கு எதுக்கு ஹேர்பின்?"

"கொண்டை போடறதுக்கு" என்று பின்னால் ஒரு பிள்ளை முணுமுணுத்தது. மற்றதுகள் உதட்டைக் கடித்தன. மேடம் காதில் விழுந்துவிட்டது.

"இது முதல்லேர்ந்தே காலி, மேடம்" என்றாள் மகள்.

"முதல்லேர்ந்துன்னு யாரு பார்த்தா? வந்த அன்னைக்கு யாரு திறந்து எண்ணினது?"

டீச்சர் சுவரைப் பார்த்தார். அங்கே போட்டோ மாட்டியிருந்தது. அதில் எல்லாரும் இருந்தோம். நடுவில் மூடின பெட்டி, மேலே சந்தனம்.

"என் வண்டியில எதுவும் விழலைங்க மேடம். சீல் வெச்சுதான் குடுத்தாங்க" என்றேன்.

"உங்களைச் சொல்லலைங்க" என்றார். உட்காரச் சொன்னார். பழைய ஸ்கூலில் ஒரு மைக்ராஸ்கோப் காணாமல் போனதாம். இவர் எடுக்கவில்லை. பார்த்ததுகூட இல்லை. சார்ஜ் இவர் பேரில் இருந்தது. இன்கிரிமெண்டை நிறுத்திவிட்டார்கள். "நான் கெட்டவ இல்லைங்க. இந்தக் கணக்கு சரியாகட்டும். நானே விழுப்புரத்துக்கு அனுப்பி வைக்கிறேன்" என்றார். பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டார்.

கம்பெனிக்கு டீச்சர் மெயில் அனுப்பினார். பதில் இல்லை. நான் தம்பிக்குப் போன் போட்டேன். ஒரே ஹாரன் சத்தம்.

"ஜல்தி சொல்லுங்கண்ணா. கையில ஆர்டர் இருக்குது."

"இன்னா ஆர்டரு?"

"பிரியாணிண்ணா."

கம்பெனி அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டதாம். ஆட்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். குழியைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? ஸ்பேர் பல்சக்கரம்ணா. சின்னது, வெள்ளையா இருக்கும். அது இல்லாமலே வண்டி ஓடும்."

"இருந்துச்சா?"

"நான் பாத்தப்பவே காலிண்ணா."

"அதை மேடத்தாண்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"நான் இப்ப அந்தக் கம்பெனி ஆளே இல்ல. நான் சொன்னா எவன் கேப்பான்?" ஹாரன் அடித்தான். அப்புறம், "பாப்பாவ வுட்டுடாதீங்கண்ணா. அதுக்கு மூளை இருக்குது" என்றான். உடனே வேறு யாரிடமோ, "மூணாவது மாடியா சார்? லிஃப்ட் இருக்குதா?" என்று கேட்டான். போன் கட்டானது.

மேம்பாலத்துக்குக் கீழே ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பண்ணுகிற ஒருவர் இருக்கிறார். அவருக்கு நான் சாமான் ஏற்றியிருக்கிறேன். அவரிடம் போய் வெள்ளைப் பல்சக்கரம் வேண்டும் என்றேன். எவ்வளவு பெரிசு என்று விரலில் காட்டினேன்.

"எந்த மாடலு?"

"ரோபோ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குட்டி யானையை வித்துட்டு ரோபோ வாங்கிட்டியா? அடுத்து ராக்கெட்டுக்கு கிளட்சு கேட்டுக்கினு வருவே போல."

"பொண்ணு ஸ்கூலுக்குங்க."

ஒரு டப்பாவைக் கொட்டினார். பழைய மெஷின்களில் கழற்றிய பல்சக்கரங்கள். ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வீட்டில் மகள் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்த மோட்டாருலயும் சேராதுப்பா."

"குழியில சேந்தா போதும்."

"எங்க கெடச்சுதுன்னு கேப்பாங்க."

"நான் சொல்லிக்கிறேன்."

போட்டி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் மேடத்திடம் கொடுத்தேன். வண்டியில் பலகை இடுக்கில் கிடந்தது என்றேன்.

"அன்னைக்கு எதுவும் விழலைன்னீங்களே?"

"சரியா தேடலைங்க, மேடம்."

அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த ஸ்கூலிலிருந்து எனக்கு லோடு வரவில்லை. அது போகட்டும். மேடம் ஹேர்பின்களை எடுத்து வெளியே வைத்தார். பல்சக்கரத்தைக் குழியில் வைத்தார். உட்கார்ந்தது. டீச்சரோடு சேர்ந்து முதலிலிருந்து எண்ணினார். சரியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டியை மூடினார். பீரோவில் வைத்தார். பூட்டினார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் கேட்டேன். "மேடம், நாளைக்கு விழுப்புரம்."

"பிள்ளைங்க போகட்டும். நல்லா செய்யட்டும்."

"பெட்டி?"

"இப்பதானே சரியாச்சு."

"சரியானா அனுப்பறேன்னு சொன்னீங்களே."

"அப்ப குறையா இருந்துச்சு. இப்ப முழுசா இருக்கு. அங்க நூறு ஸ்கூல் பிள்ளைங்க வரும், ஆளாளுக்குக் கை வைக்கும். ஒரு ஆணி விழுந்தா நான் எங்க போய்த் தேடுவேன்?" குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "சார்ட்டுல வரைஞ்சு கொண்டு போகச் சொல்லுங்க. நான் நல்ல கலர் பென்சில் தர்றேன்."

நான் இன்னொரு முறை கேட்டேன். அவர் சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

நாலு பிள்ளைகளும் சார்ட் வரைந்தார்கள். காலையில் டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகள் பின்னால் ஏறினார்கள். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினதும் காற்றில் சார்ட் கிழிந்தது. டேப் வாங்கி ஒட்டினோம்.

விழுப்புரத்தில் பெரிய ஹால். மேஜைக்கு மேஜை மெஷின் ஓடியது. ஒன்று பந்து பொறுக்கியது. ஒன்று சல்யூட் அடித்தது. எங்கள் மேஜைக்கு ஜட்ஜ் வந்தார்.

"மெஷின் எங்கம்மா?"

"பெட்டியில இருக்கு சார்."

"பெட்டி?"

"பீரோவுல இருக்கு சார்."

"பீரோவை ஏன் விட்டுட்டு வந்தீங்க?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

என் மகள் சிரிக்கவில்லை. பையிலிருந்து மல்லாட்டையை எடுத்து மேஜையில் பரப்பினாள். விரலை விரித்து, கையைக் கவிழ்த்து வைத்தாள். "இது வண்டி சார்" என்றாள். கை மெதுவாக மல்லாட்டைக்குள் போனது. விரல் கிளறியது. மேஜை ஓரத்தில் நின்றது. திரும்பியது. மறுபடியும் போனது. வேகம் ஏன் குறைவு என்று சொன்னாள். வெயிலில் கண் கூசுவதையும் அட்டைத் தொப்பியையும் சொன்னாள். மற்றொரு கையை அந்தக் கைக்கு மேல் தொப்பி மாதிரி வைத்துக் காட்டினாள். ஜட்ஜ் நின்று முழுக்கப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சிருக்கம்மா. ஆனா ஓடற மெஷினுக்குத்தான் மார்க்கு."

"தெரியும் சார்."

அவர் ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். சாயங்காலம் கலந்துகொண்டதற்கு சர்டிபிகேட் கொடுத்தார்கள். வரும்போது டீச்சர், "நான் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கணும்ணே" என்றார். "கேட்டாலும் அதாங்க" என்றேன்.

பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தாள். ரோபோ படிப்பு பக்கத்து கவர்மெண்ட் காலேஜில் இல்லை. வெளியே ஒரு பிரைவேட் காலேஜில் விசாரித்தேன். ஃபீஸைச் சொன்னார்கள். வண்டியை விற்றாலும் ஒரு வருஷத்துக்குக் காணாது. ஜூனில் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். அவள் அழவில்லை. மனைவி அழுதாள்.

அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிற வேலை. போன வருஷம் அந்த வரிசைக்கே ஒரு ரோபோ கை வந்தது. தம்பி சுவரில் காட்டிய மாதிரிதானாம். பாதிப் பெண்களை நிறுத்திவிட்டார்கள். இவள் தப்பினாள். கை தடவாமல் விட்ட ஓரத்தை இவள் தடவுகிறாள்.

"அதை யாரு ஓட்டுறாங்க?" என்று கேட்டேன்.

"வெளியூருலேர்ந்து ஒரு அக்கா வருது. லேப்டாப் வெச்சிக்கினு குந்தியிருக்கும்."

"பேசுனியா?"

"இன்னான்னு பேசறது?"

போன மாதம் டீச்சர் போன் செய்தார். லேப் ரூமை வேறு வேலைக்கு எடுக்கிறார்களாம். பீரோவை மாடியில் ஏற்ற வேண்டும் என்றார். போனேன். புது கிளார்க் ஒருவர், இடம் மாற்றுவதற்கு முன் எண்ண வேண்டும் என்று பெட்டியைத் திறந்தார். சக்கரத்து ரப்பர் பிசுபிசுவென்று ஒட்டியது. பேட்டரி உப்பிக்கொண்டு குழியை விட்டு மேலே வந்திருந்தது. "இது வேலை செய்யாதுங்களே" என்றேன். "வேலை செய்யுதான்னு கேக்கலைங்க. இருக்குதான்னுதான் கேட்டிருக்காங்க" என்றார். அதையும் ஒன்று என்று எண்ணினார். என் பல்சக்கரத்தையும் எண்ணினார். டிக் போட்டார். நானும் இன்னொரு ஆளும் பீரோவை மாடிக்கு ஏற்றினோம்.

சாயங்காலம் மகள் வந்து விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மாடிக்கு ஏற்றினதைச் சொன்னேன்.

"பேட்டரி?"

"உப்பிப் போச்சு."

உரிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்துக் கேட்டாள்.

"எண்ணுனாங்களா?"

"எண்ணுனாங்க."

"எவ்ளோ?"

"இருநூத்திப் பன்னெண்டு."